ஈரோட்டில் ஒரு மாடி வீட்டுக் கணக்கு வகுப்பு: கேட் எழுதப் போகிறவர்களுக்காக

ஈரோடு சம்பத் நகரில், உழவர் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கேட் (CAT) தேர்வுக்கான, அதாவது ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் நுழைவுத் தேர்வுக்கான, கணக்குப் பயிற்சி நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. எஞ்சினியரிங் காலேஜில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு சார், தானே கேள்விகளை எழுதி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, தானே திருத்தவும் செய்கிறார். "எம் பேரையெல்லாம் போட வேண்டாங்க, இருக்கிற புள்ளைகளுக்கே நேரம் பத்தலை" என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் வெறும் சார்தான். போன நவம்பரில் கேட் எழுதுவதற்கு நான் அங்கேதான் படித்தேன். எஞ்சினியரிங் படிக்காத, ஆனால் ஐஐஎம் ஆசை உள்ள நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் பி.காம். சென்னிமலையில் அப்பாவின் போர்வைக் கடையில் கணக்கு வழக்கு பார்க்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குக் கேட் என்றதும் வயிற்றைக் கலக்குவது கணக்குப் பகுதிதான். ஆனால் அதில் வருவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு வரை நாம் பார்த்த விஷயங்களே: சதவீதம், விகிதம், வேலையும் நாளும், வேகமும் தூரமும், இருபடிச் சமன்பாடு, முக்கோணம், வட்டம். மடக்கை போன்ற சில மட்டும் கொஞ்சம் மேலே போகும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. 2020-க்கு முன்னால் ஒவ்வொரு பகுதிக்கும் 60 நிமிடம் இருந்தது. கொரோனா வருடத்தில் அதை 40 ஆகக் குறைத்தார்கள், அப்படியே நின்றுவிட்டது. இப்போது 40 நிமிடத்தில் 22 கணக்கு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. ஒரு பகுதியின் நேரம் முடிவதற்குள் அடுத்த பகுதிக்குத் தாவவும் முடியாது.

சார் வகுப்புக்கு வருவதற்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு பெரிய பயிற்சி நிலையத்தில் பணம் கட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். தலையணை கனத்துக்குப் புத்தகங்கள் கொடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. வகுப்பு முழுக்கக் குறுக்கு வழி சூத்திரங்கள். "இந்த மாதிரி வந்தால் இதைப் போடு, அந்த மாதிரி வந்தால் அதைப் போடு." கேள்வியில் ஒரு சொல் மாறினால் எந்தச் சூத்திரம் என்றே தெரியாமல் எல்லாரும் விழிப்போம். ஏன் அப்படி வருகிறது என்று யாராவது கேட்டால், சிலபஸ் முடிக்க வேண்டும் என்பார்கள்.

சார் வகுப்பில் முதல் நாள் பலகையில் எழுதிய கணக்கு இது. பச்சை மஞ்சளில் 80 சதவீதம் தண்ணீர். காய்ந்த மஞ்சளில் 10 சதவீதம் தண்ணீர். 90 கிலோ பச்சை மஞ்சளைக் காயப் போட்டால் எத்தனை கிலோ கிடைக்கும்? புத்தகங்களில் இதே கணக்கு திராட்சையை வைத்து வரும். ஈரோட்டில் மஞ்சளாக வந்துவிட்டது.

ஆளாளுக்கு 80-லிருந்து 10-ஐக் கழித்து, 70 சதவீதம் குறையும், அப்படியானால் 27 கிலோ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். சார் யாரையும் தப்பு என்று சொல்லவில்லை. முன் வரிசையில் இருந்த கவுந்தப்பாடிப் பெண்ணைப் பார்த்து, "ஏனம்மிணி, உங்க காட்டுல மஞ்சள் போடுவீங்கல்ல? களத்துல காயறப்ப எது குறையுது?" என்றார்.

"தண்ணிங்க சார்."

"குறையாதது எது?"

அவள் கொஞ்சம் யோசித்து, "தண்ணி போக மிச்சம் இருக்கிறதுங்க" என்றாள்.

"அதைப் புடிங்க. மத்ததை விட்டுருங்க."

90 கிலோவில் தண்ணீர் போக 18 கிலோ. காய்ந்த பிறகும் அதே 18 கிலோதான், ஆனால் இப்போது அது மொத்த எடையில் 90 சதவீதம். ஆகவே 20 கிலோ. அதற்குப் பிறகு அரை மணி நேரம் சார் வேறு கணக்குக்கே போகவில்லை. பாலில் தண்ணீர் கலப்பது, ஒரு கூட்டத்தில் சிலர் வெளியேறியதும் ஆண் பெண் விகிதம் மாறுவது, அப்பா மகன் வயது வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதுல மாறாதது எது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனார். விடை கேட்கவில்லை. கலவை, வயது, விகிதம் என்று தனித்தனி அத்தியாயங்களாக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தவை எல்லாம் அன்றைக்கு ஒரே கேள்விக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

இந்த வகுப்பின் உயிர் என்று நான் நினைப்பது 'ரெண்டாம் நோட்டு'. முதல் நோட்டில் கணக்குப் போடுவோம், அது சாதாரணம். விடை சரியாக வந்தாலும் தப்பாக வந்தாலும், அதே கணக்கை ரெண்டாம் நோட்டில் வேறு ஒரு வழியில் போட வேண்டும். அதற்குக் கீழே, இந்தக் கணக்கை எதை வைத்து அடையாளம் கண்டேன் என்று ஒரு வரி தமிழில் எழுத வேண்டும். ஒரு வரிதான். அதைத்தான் சார் உட்கார்ந்து படிக்கிறார், சிவப்பு மையில் பக்கத்தில் ஏதாவது எழுதுகிறார். தொடக்கத்தில் இது வெட்டி வேலை என்று சில பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது கணக்குப் போட்டால்தான் படித்த மாதிரி என்ற எண்ணம் நம் எல்லாருக்கும் உண்டு. சார் ஒரு வாரத்துக்குக் கொடுப்பதே முப்பதுதான். ஆனால் அந்த முப்பதும் கைக்குள் இருக்கும். இரண்டு மாதம் கழித்து எழுப்பிக் கேட்டாலும் வரும். பயிற்சி என்றால் எண்ணிக்கை என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு இடத்தில் மனசை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் ஜூலையிலிருந்து 'விடுற வகுப்பு'. 22 கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்து, பேனாவை மூடி வைக்கச் சொல்லிவிடுவார். ஐந்து நிமிடம் படிக்க மட்டும் அனுமதி. எதை முதலில் போடுவோம், எதை அப்புறம் பார்ப்போம், எதைத் தொடவே மாட்டோம் என்று குறிக்க வேண்டும். விட்ட கேள்விக்குக் காரணம் கேட்பார். "கஷ்டமா இருக்குதுங்க" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார். "மூணு வட்டம் வருது, படம் வரையவே ஒரு நிமிஷம் ஆகும்" என்று சொன்னால் தலையாட்டுவார். 40 நிமிடப் பகுதிக்குள் முன்னும் பின்னும் போய்வரத் தேர்வில் வசதி இருப்பதால் இந்தப் பழக்கம் நேரடியாக உதவுகிறது. எதை விடுவது என்று யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் முழுத் தாளையும் எழுதித்தானே பழக்கம்?

நெகட்டிவ் மார்க் பற்றிய பயத்தையும் கணக்காகவே போட்டுக் காட்டினார். சரியானால் 3, தப்பானால் 1 குறையும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், நான்கு முறையில் ஒரு முறை 3 வரும், மூன்று முறை 1 போகும். சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை நிச்சயமாகத் தப்பு என்று தள்ள முடிந்தால், மிச்சம் மூன்றில் குறிப்பது சராசரியாக லாபம்தான். விடையை நாமே உள்ளிடும் கேள்விகளில் குறைப்பே கிடையாது, அதனால் வேலை பாதியில் நின்றாலும் எதையாவது உள்ளிட்டுவிட்டு வர வேண்டும். இதைத் தெரிந்துகொண்டபின் தேர்வு அறையில் கை நடுங்குவது பாதி நின்றுவிடுகிறது.

அந்த உள்ளிடும் கேள்விகளுக்கு அவர் கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு முழுக்கள் (integers). அவற்றைப் பெருக்கினால் கிடைப்பதும், முதல் எண்ணின் 3 மடங்கையும் இரண்டாம் எண்ணின் 5 மடங்கையும் கூட்டினால் கிடைப்பதும் ஒன்றே. இப்படி எத்தனை ஜோடிகள் உண்டு? எண்களாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும். முதல் எண்ணில் 5-ஐயும் இரண்டாம் எண்ணில் 3-ஐயும் கழித்து அந்த இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 15 வரும் என்பதைக் கண்டால் ஒரு நிமிட வேலை. 15-ஐ 1, 3, 5, 15 ஆகியவை வகுக்கும். அதனால் 4 ஜோடி. இங்கேதான் பெரும்பாலோர் பேனாவை வைத்துவிட்டார்கள். சார் கேள்வித் தாளில் 'integers' என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டுச் சும்மா நின்றார். குறை எண்களும் முழுக்கள்தானே! இரண்டு குறை எண்களைப் பெருக்கினாலும் 15 வருமே! அப்படி இன்னும் 4, ஆக மொத்தம் 8. இரண்டும் பூஜ்யமாக இருக்கும் ஜோடிகூட அதில் அடக்கம். அதே கேள்வியில் 'மிகை' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் 4 என்பதே சரியான விடை. விடைப் பட்டியல் இல்லாத கேள்வியில் இந்த மாதிரித் தவறைச் சுட்டிக்காட்ட எதுவுமே இருக்காது, அதனால்தான் சார் இதில் இவ்வளவு கண்டிப்பு.

குறைகளும் உண்டு. இங்கே கணக்கு மட்டும்தான். ஆங்கிலப் பகுதிக்கும் தரவுப் புதிர்ப் பகுதிக்கும் நீங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்; இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கேட். வடிவியலுக்கு சார் ஒதுக்கும் நேரம் போதவில்லை. எண்ணியலும் இயற்கணிதமும் அவருக்குப் பிடித்தவை, அதில் மணிக்கணக்கில் நிற்பார். வட்டம், நாற்கரம் எல்லாம் கடைசி இரண்டு வாரத்தில் ஓடிவிடும். ஜெராக்ஸ் தாள்களில் கையெழுத்து சில இடங்களில் புரியாது. எல்லாமே தாளில் நடப்பதால் கம்ப்யூட்டரில் எழுதும் பழக்கம் இங்கே வராது. நிஜத் தேர்வில் கேள்வி திரையில் இருக்கும், கை கீழே தாளில் இருக்கும், கால்குலேட்டரும் திரையிலேயே வரும். கண் மேலும் கீழும் போய்வருவதற்கே தனிப் பழக்கம் வேண்டும். அதற்கு ஏதாவது ஒரு ஆன்லைன் மாதிரித் தேர்வுத் தொகுப்பை வாங்கியே ஆக வேண்டும். சித்திரை, வைகாசியில் மாடியில் வெயில் தாங்காது, ஃபேன் காற்றே அனலாக வரும்.

எனக்குக் கணக்குப் பகுதியில் 93 பெர்சன்டைல் வந்தது, அதாவது எழுதியவர்களில் சுமார் 93 சதவீதம் பேர் எனக்குக் கீழே. முதல் வரிசை ஐஐஎம்களுக்கு இது போதாது, இந்த வருடமும் எழுதப் போகிறேன். ஆனால் பி.காம். படித்துவிட்டு, பக்கத்தில் எஞ்சினியரிங் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற தேர்வில் அந்த எண்ணைப் பார்த்தபோது வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். பிப்ரவரி கடைசியில் ஒரு குழு, ஜூன் நடுவில் ஒரு குழு. பின்னங்களும் சதவீதமும் அடியோடு மறந்துபோனவர்கள் பிப்ரவரியில் சேர்வது நல்லது, ஜூன் குழு வேகமாகப் போகும். தமிழிலேயே சொல்லிக் கொடுக்கிறார், கேள்வித் தாள் மட்டும் ஆங்கிலம். பவானி, கோபி, திருச்செங்கோட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் உண்டு, ஞாயிறு காலையில் சந்தைக் கூட்டம் இருப்பதால் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். செப்டம்பருக்கு மேல் யார் வந்து கேட்டாலும் சேர்த்துக்கொள்வதில்லை. அப்படி வருகிறவர்களுக்கு ஐஐஎம்கள் வெளியிட்ட பழைய வினாத்தாள்களின் கட்டு ஒன்றைக் கொடுத்து, ரெண்டாம் நோட்டு எப்படி எழுதுவது என்று பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லி அனுப்புகிறார். அதற்குக் காசு வாங்குவதில்லை.