தோரன்ஸ் டிடி 160: பழுது நீக்குவதா, பாகம் மாற்றுவதா?

தோரன்ஸ் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட டிடி 160 டர்ன்டேபிளை (இசைத்தட்டுகளைச் சுழற்றி ஒலிக்கச் செய்யும் கருவி) பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பழைய டர்ன்டேபிள் வாங்கும் எவருக்கும் விரைவிலேயே எழும் கேள்வி, அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்பதா, இன்று கிடைக்கும் பாகங்களைப் பூட்டி மேம்படுத்துவதா என்பது. மேம்பாட்டுப் பாகங்களால் கிடைத்ததாகச் சொல்லப்படும் பலனில் பெரும்பகுதி, அவற்றைப் பூட்டுவதற்காகக் கருவியைப் பிரித்தபோது செய்த துப்புரவாலும் எண்ணெயாலும் வந்தது என்றே நான் கருதுகிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் செய்பவர் எந்தப் பலன் எதனால் வந்தது என்று அறிய வழியில்லை. அதனால் முதலில் பழுதுகளை மட்டும் நீக்கி, நெடுநாள் கேட்டுப் பழகிய பிறகே ஒவ்வொரு மாற்றமாகச் செய்தேன்.

இந்த மாடலின் உயிர்நாடி அதன் மிதக்கும் சட்டம். இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் பிளாட்டரும், ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மும் ஒரே துணைச் சட்டத்தில் அமர்ந்திருக்க, அச்சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. மோட்டார் மட்டும் மேல்தகட்டில் தனியே இருந்துகொண்டு, ரப்பர் பெல்ட் வழியாக உள் பிளாட்டரைச் சுழற்றுகிறது. என்னிடம் வந்தபோது சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிளாட்டரின் விளிம்பு மேல்தகட்டை உரசிக்கொண்டிருந்தது. அடிப்பலகையைக் கழற்றி, பெட்டியை இருபுறமும் சம உயரத்தில் தாங்கி நிறுத்தி, கார்ட்ரிட்ஜும் (ஆர்மின் நுனியில் ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) இசைத்தட்டும் ஏற்றிய நிலையிலேயே கீழிருந்து ஸ்பிரிங் நட்டுகளைத் திருக வேண்டும். நடுவில் விரலால் மெல்ல அழுத்தி விட்டால் பிளாட்டர் நேர் மேலும் கீழுமாக மட்டும் ஆட வேண்டும். பக்கவாட்டில் தள்ளாடினால் நட்டுகளைத் தொடும் முன், டோன் ஆர்மிலிருந்து வெளியேறும் ஒயர் விறைப்பாக இருந்து சட்டத்தை இழுக்கிறதா என்று பாருங்கள். என் கருவியில் கோளாறு அங்கேதான் இருந்தது. ஒயரைத் தளர்வாக வளைத்து மீண்டும் பொருத்தியதும், பின்னாளில் காசு கொடுத்து வாங்கிய எதுவும் தராத தெளிவு கிடைத்தது.

முன்பு பழுது பார்த்த யாரோ, பிளாட்டரின் அச்சு சுழலும் பேரிங்கில் கிரீஸை அப்பியிருந்தார்கள். மெல்லிய எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட பேரிங் அது. கறுத்த சகதியைத் துணியால் துடைத்தெடுத்து, சில சொட்டு எண்ணெய் விட்டதும் கையால் சுழற்றிவிட்ட பிளாட்டர் முன்பைவிட வெகுநேரம் சுழன்றது. பெல்ட்டை மாற்றுவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. தளர்ந்ததை மாற்றி, பெல்ட்டை இழுக்கும் மோட்டார் சக்கரமான புல்லியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதிலுள்ளது சின்க்ரனஸ் மோட்டார் என்பதால், அதன் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணே தவிர வோல்டேஜ் அல்ல. நம் வீடுகளில் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் சுருதி மாறாது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த கருவியில் 60 ஹெர்ட்ஸுக்கான புல்லி இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். புல்லியை மாற்றினால் தீர்ந்தது. மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் மோட்டார் உறுமுகிறது. அப்படி ஓட்டியே தீர வேண்டியவர்களுக்கு மட்டும், சீரான சைன் அலை தரும் தனி மின்வழங்கியைப் பரிந்துரைப்பேன்.

காசுக்குத் தகுந்த பலன் தந்த மேம்பாடு ஊசி ஒன்றுதான். இசைத்தட்டின் வெளிவிளிம்பில் வினாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் ஓடும் தடம், உள்வட்டத்தில் 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ', 'ஷ' ஒலிகள் சீறுகின்றன. ஆடியோ-டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜில் நீள்வட்ட ஊசியைக் கழற்றி, அதே உடலில் இன்னும் நுண்ணிய முனை கொண்ட மைக்ரோலைன் ஊசியைச் செருகியபோது அந்தச் சீறல் பெருமளவு அடங்கியது. கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுக்கும்போது ஆர்மின் எடையைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் பதிப்பின் டிபி 16 ஆர்ம் கனமானது. ஊசி எளிதில் அசையும் மிக நெகிழ்வான கார்ட்ரிட்ஜை அதில் பூட்டினால், ஆர்மும் ஊசியும் சேர்ந்து இயல்பாக ஆடும் ஒத்ததிர்வு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி, நெளிந்த தட்டுகளில் ஊசி தத்தளிக்கும். 1960-களில் உருவான டெனான் டிஎல்-103 போன்ற விறைப்பான கார்ட்ரிட்ஜ் இதற்குப் பொருந்தும், ஆனால் அதன் 0.3 மில்லிவோல்ட் சிக்னலை ஏற்கும் போனோ பெருக்கி (கார்ட்ரிட்ஜின் நலிந்த சிக்னலைப் பெருக்கும் கருவி) வேண்டும்.

பிளாட்டரின் மேல் விரிக்கும் தடித்த அக்ரிலிக் மேட் எனக்கு ஒத்துவரவில்லை. அதன் எடை ஸ்பிரிங் சமனைக் குலைத்தது, உயரம் ஊசியின் கோணத்தை மாற்றியது, எனவே பழைய ரப்பர் மேட்டுக்கே திரும்பினேன். கனமான வேறு ஆர்ம் பூட்ட விரும்புவோரும் ஸ்பிரிங் சமனை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். தடித்த அடிப்பலகை சிறிய பலன் தருகிறது, செலவும் குறைவு. எதைச் செய்தாலும் கழற்றிய பாகங்களை எறிந்துவிடாதீர்கள். விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

டிடி 160-இல் 33⅓, 45 ஆகிய இரு வேகங்கள் மட்டுமே உண்டு. 78 சுற்று அரக்குத் தட்டுகளை நிறைய வைத்திருப்பவர்கள் இதை மாற்றியமைக்க முயல்வதைவிட, மூன்று வேகமும் உள்ள காரார்ட் 401 போன்ற ஒன்றைத் தேடி, அத்தட்டுகளின் அகன்ற தடத்துக்கேற்ற தனி ஊசியும் வாங்கிக்கொள்வது நல்லது.