பத்து ஆண்டுகளாக ஒரு 1967 மஸ்டாங்: வாங்கியதும், கட்டியதும், ஓட்டுவதும்

2015ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், கலிபோர்னியாவின் மொடெஸ்டோவுக்கு அருகே ஒரு பாதாம் தோட்டத்துக் கொட்டகையில் நெடுங்காலமாக அசையாமல் நின்றிருந்த 1967ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கூப்பே (தனி டிக்கி கொண்ட இரு கதவுக் கார்) ஒன்றை 8,500 டாலருக்கு வாங்கினேன். என்ஜின் சுழலவில்லை; நான்கு டயர்களும் தரையோடு தரையாகப் படிந்திருந்தன. இரண்டு ஆண்டுகளில், மேலும் 12,000 டாலர் செலவில் முடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு, வாங்கிய விலையும் சேர்த்து ஏறக்குறைய 31,000 டாலரும் நான்கரை ஆண்டுகளுமாக வளர்ந்தது. 2020 வசந்தத்தில், ஊரடங்கால் வெறிச்சோடிக் கிடந்த சாலைகளில் முதன்முறையாக அதை வெளியே எடுத்தேன். அன்றிலிருந்து 9,000 மைல் ஓட்டியிருக்கிறேன்.

இதை மசில் கார் என்று அழைப்பதையே ஏற்காதவர்கள் உண்டு. நடுத்தர அளவுக் காரில் பெரிய என்ஜினைப் பொருத்தி வந்த 1964 பான்டியாக் ஜிடிஓ போன்றவையே அந்தப் பெயருக்கு உரியவை என்றும், மஸ்டாங் 'போனி கார்' என்னும் தனி வகை என்றும் அவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 390 கன அங்குல என்ஜின் உள்ளே அமர்வதற்காகவே 1967இல் மஸ்டாங்கின் முன்பகுதி அகலமாக்கப்பட்டது. ஆனால் என் காரில் இருப்பது அதைவிடச் சிறிய 289. அதற்கு ஃபோர்டு சொன்ன 200 குதிரைத்திறனும், காரில் பொருத்தும்போது சேரும் சுமைகளை நீக்கிவிட்டு மேடையில் அளந்த பழைய மொத்தக் கணக்குதான்; நிகரக் கணக்கு 1972இலிருந்துதான் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. ஆகவே பழைய விளம்பரங்களில் உள்ள எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கூப்பேயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. 1967இல் உருவான 4,72,121 மஸ்டாங்குகளில் 3,56,271 கார்கள் கூப்பேக்கள். கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்கும், பலரும் ஏங்கும் ஃபாஸ்ட்பேக் எண்ணிக்கையில் மிகக் குறைவு. விலையோ பல மடங்கு. உதிரிபாகங்களில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது என்பதால், முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்குக் கூப்பேதான் உகந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

வாங்கும் முன் வண்டி எண்ணைச் சரிபார்த்தது நான் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று. என் காரின் எண் 7ஆர்01சி என்று தொடங்குகிறது: 7 என்பது 1967, ஆர் என்பது சான் ஹொசே ஆலை, 01 என்பது கூப்பே, சி என்பது இரட்டைக்குழல் கார்புரேட்டர் கொண்ட 289. கதவில் உள்ள தகட்டை எவரும் கழற்றி மாற்றிவிடலாம் என்பதால், பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்து உள்தகரத்தில் அச்சடித்திருக்கும் எண்ணோடும் உரிமைப் பத்திரத்தோடும் ஒப்பிட்டே தீர வேண்டும். 1967 முதலான ஃபோர்டு உற்பத்திப் பதிவுகளை வைத்திருக்கும் மார்ட்டி நிறுவனத்திடம் அறிக்கை வாங்கியபோது, நான் சிவப்பு நிறத்தில் வாங்கிய கார் பிறக்கும்போது லைம் கோல்டு என்னும் பச்சை கலந்த பொன்னிறத்தில் இருந்தது தெரிந்தது. சான் ஹொசே ஆலை என்று பெயரிருந்தாலும் அது இருந்தது பக்கத்து ஊரான மில்பிடாஸில். 1983இல் மூடப்பட்டு, 1994இல் கிரேட் மால் என்னும் வணிக வளாகம் ஆனது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்கள் வார இறுதியில் துணி வாங்கப் போகும் அதே கட்டடத்தில்தான் இந்தக் கார் பிறந்தது.

நான் சரியாகப் பார்க்காமல் விட்டது தகரத்தை. கலிபோர்னியாவின் வறண்ட உள்நாட்டில் இருந்த கார், பனிக்கு உப்புத் தூவும் ஊர்களைப் பார்க்காத கார், ஆகவே துரு இருக்காது என்று நம்பிவிட்டேன். இந்தக் காரில் முன்கண்ணாடிக்குக் கீழே, காற்றுத் துளைகளுடன், கவுல் எனப்படும் தகரப் பெட்டி ஒன்று உள்ளது. அதற்குள் விழும் மழைநீர் இரு ஓரங்களிலும் வழிந்து வெளியேற வேண்டும். காருக்குள் காற்று வரும் ஓட்டைகளில் நீர் புகாதிருக்க, அவற்றைச் சுற்றித் தொப்பி போன்ற விளிம்பு எழுப்பப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் இலைதழைகள் சேர்ந்து மக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும்போது அந்த விளிம்பின் அடிப்பகுதி அரித்துப்போகிறது. அதன்பின் பெய்யும் ஒவ்வொரு மழையும் நேராகக் காரின் தரையில் இறங்குகிறது. வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீரைக் கவுலில் ஊற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் ஊற்றியது வாங்கிய மறுவாரம்.

மஸ்டாங்குக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகரமும் அதனோடு இணைந்த பெட்டித் தண்டுகளும் சேர்ந்தே காரைத் தாங்குகின்றன. ஆகவே தரையில் விழும் ஓட்டையை மேலே ஒரு தகரத்தை வைத்து மூடுவது வைத்தியமாகாது. கவுலை மாற்ற மட்டுமே, முன்கண்ணாடியையும் இரு மட்கார்டுகளையும் கழற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளி வெல்டுகளைத் துளையிட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. தரையை வெட்டும் முன் கதவு வாயிலில் குறுக்குக் கம்பிகளைத் தற்காலிகமாக வெல்டு செய்து உடலை இறுக்க வேண்டும் என்று படித்திருந்தும், அவசரத்தில் ஒரு பக்கம் அதைச் செய்யாமல் விட்டேன். உடல் அரைக்கால் அங்குலம் தொய்ந்தது. அந்தப் பக்கக் கதவு மூடாமல் போக, போட்ட வெல்டை அறுத்து மீண்டும் செய்தேன். பின்சக்கர வளைவிலோ காந்தம் ஒட்டவே இல்லை: சிவப்புப் பெயின்டுக்கு அடியில் விரல் தடிமனுக்குப் பட்டி. செலவில் பாதிக்கு மேல் தகரத்துக்கும் பெயின்டுக்குமே போனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்னது போலிருக்கிறது.

நான் அஞ்சிய என்ஜின் வேலை, ஒப்பிடும்போது எளிது. சிலிண்டர்களை அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு பெரிதாக்கி, ஈயமற்ற பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்தி, 4,200 டாலரில் முடித்தேன். ஆனால் முதன்முறை இயக்கியபோது, வேகம் கூடக் கூடக் கார் முழுவதும் நடுங்கியது. 289 சுழலும்போது நடுங்காதிருக்க 28 அவுன்ஸ் எதிர்ச்சமன் எடை வேண்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, 1980களின் 302 என்ஜினுக்கோ 50 அவுன்ஸ். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் வட்டத் தகடான ஃபிளெக்ஸ்பிளேட்டை, உதிரிபாகக் கடை ஒன்று 302க்கு உரியதாக அனுப்பியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கியர்பாக்ஸை இறக்கி மாற்றி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

பழைய முறையை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு நான்கு சக்கர டிரம் பிரேக்கில் உடைந்தது. சான்டா குரூஸிலிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் திரும்பும்போது, மலை உச்சியைக் கடந்து இறங்கும் வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்தது. அந்த மாதமே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்த முன் இருக்கைகளுக்கு மும்முனை பெல்ட்டும் வந்தது. டிக்கியின் தரையாக இருப்பது பெட்ரோல் தொட்டியின் மேல்மூடியேதான் என்பது இந்தக் காரின் வினோதம். அதற்கும் பின் இருக்கைக்கும் நடுவே எஃகுத் தகடு ஒன்றை அடைத்திருக்கிறேன்.

ஓட்டுவதைப் பற்றி: கேலனுக்கு 14 முதல் 16 மைல் கிடைக்கிறது. ஸ்டியரிங் நடுவில் சற்று ஆட்டம் உண்டு. லிவர்மோர் வெயிலில் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால், கார்புரேட்டரில் எத்தனால் கலந்த பெட்ரோல் கொதித்து அடம்பிடிக்கும்; கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத கட்டை ஒன்றை வைத்தபின் பெரிதும் குறைந்தது. கேம்ஷாஃப்ட் பழைய வகை என்பதால் துத்தநாகம் கூடுதலாக உள்ள எண்ணெயே ஊற்றுகிறேன். கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை என்பது பெரிய நிம்மதி.

அதே 31,000 டாலருக்கு, இதே தரத்தில் ஓடும் கூப்பே ஒன்றை அன்றே வாங்கியிருக்கலாம். ஓட்டுவது மட்டுமே விருப்பமானால் அதைத்தான் பரிந்துரைப்பேன். கையில் வெல்டிங் துப்பாக்கியோடு கராஜில் கிடப்பதும் உங்களுக்குப் பிடிக்குமானால் மட்டும், கவுலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபின், ஓடாத கார் ஒன்றை வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் மழை நின்றதும், ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கித் தரையைத் தடவிப் பார்க்கிறேன். இதுவரை ஈரமில்லை.