நம்பர் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதா? பெங்களூரில் ஒரு ஆர்.ஓ. ரிப்பேர்

இந்த முறை பெங்களூர் போனதில் பயணம், கல்யாணம், சொந்தக்காரர் வீட்டு விருந்து எல்லாமே நல்லபடியாக நடந்தன. அதைப் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. என்னை எழுத வைத்தது அம்மாவின் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும், குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின்.

பெங்களூரில் பெற்றோர் இருப்பவர்களுக்கு அதன் அவசரத்தை விளக்க வேண்டியதில்லை. அல்சூரில் இருந்தவரை எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காவேரித் தண்ணீர். தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் விழும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து குடங்களைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். இப்போது இருப்பது ஊருக்குக் கிழக்கே தள்ளி ஒரு அடுக்குமாடியில். போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கலந்து வருகிறது. பக்கெட்டில் ராத்திரி பிடித்து வைத்தால் காலையில் ஓரமெல்லாம் வெள்ளைப் படலம். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. எங்கள் குழாயில், அந்த உப்பை அளக்கும் அப்பாவின் டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டியது. அந்தத் தண்ணீரில் போட்ட காபியை வாயில் வைக்க முடியாது.

மெஷின் நின்றதும் ஆப்பில் புகார் கொடுத்தோம். அன்றைக்கே ஆள் வந்துவிட்டார்! நான் இருக்கும் டொராண்டோவில் டிஷ்வாஷர் பழுது என்றால் தேதி கிடைப்பதே அடுத்த வாரம்தான். அதுவும் காலை 8 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள், லீவு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் இவ்வளவு வேகமாகிவிட்டதே என்று உண்மையிலேயே பூரித்துப் போனேன்.

வந்த தம்பி மூடியைக் கழற்றினார், டியூபைப் பிடுங்கிப் பார்த்தார். "பம்ப் போயிருச்சுக்கா. பார்ட் வரணும்." சரி என்றோம். "அம்மா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா." அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார். தம்பி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மெஷினோ வாயைப் பிளந்தபடி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பார்ட் எப்போது வரும் என்று கேட்கக் கூப்பிட்டால், உங்கள் பெயரில் நிலுவையில் எந்தப் புகாரும் இல்லை, வேண்டுமானால் புதிதாகப் பதிவு செய்யுங்கள் என்றார்கள். பதிவு செய்தோம். வேறொருவர் வந்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார், ஃபில்டர் அழுக்காயிருக்கிறது என்றார், பம்ப் பற்றி அவரிடம் எந்தக் குறிப்பும் இல்லை. போகும்போது அவருக்கும் அந்த எண் வேண்டும். அம்மா சொன்னார். புகார் மறுபடி தீர்ந்தது. இது இப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் முதலில் வந்த தம்பியே மறுபடி வந்தபோது, "தண்ணி வந்தப்புறம்தான் நம்பர்" என்று சொல்லி அம்மாவின் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கோபப்படவில்லை. உட்காரச் சொன்னதும் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, புகாரை மூடினாத்தான் இன்னைக்குக் காசு. திறந்து கிடந்தா ஏஜென்சிக்காரருக்கு மார்க் குறையும், அவரு என்னைப் பிடிப்பாரு. பார்ட் வந்ததும் புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்னுதான் எல்லாரும் மூடிடுவோம்." ராயச்சூரிலிருந்து வந்து, பைக்குக்குச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் இதைச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பையனிடம் எப்படிக் கோபப்படுவது? கேன் தண்ணீரில் காபி போட்டுக் கொடுத்தார் அம்மா.

நான் வேலை பார்ப்பது மருத்துவமனைகளுக்கான மென்பொருள் திட்டங்களில். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மலையில் 17 பேர் கூடி எழுதிய, மென்பொருள் உருவாக்கும் வழிமுறையான அஜைலின் கொள்கைகளில் ஒன்று, இயங்கும் மென்பொருள்தான் முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல் என்பது. அஜைல் வழிமுறைகளில் ஒன்றான ஸ்கிரம் முறையில் வேலை செய்கிறவர்கள், எது நடந்தால் ஒரு வேலை முடிந்ததாக அர்த்தம் என்பதை எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு விஷயத்தில் அது எவ்வளவு எளிது! குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் வர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நிறுவனத்தின் கணக்கில் முடிவு என்பது அம்மா படித்துச் சொன்ன எண்.

அந்த எண் தப்பான யோசனை இல்லை. வீட்டுப் பக்கமே வராமல் 'பார்த்தாச்சு' என்று எழுதிவிடுவதைத் தடுக்கத்தான் வந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததா என்று சொல்லும் உரிமையை வாடிக்கையாளர் கையில் கொடுக்கிற நல்ல ஏற்பாடு அது. ஓர் அளவை வைத்து ஆட்களை ஆட்டுவிக்கத் தொடங்கினால் அந்த அளவு நம்பத்தகாததாகிவிடும் என்று பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னார். அது இந்தச் சமையலறைக்கும் பொருந்துகிறது. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்த உரிமை யார் கையில் இருக்கிறது? மத்தியான வெயிலில் வியர்வையோடு நிற்கும் பிள்ளையிடம் 'முடியாது' என்று சொல்லவே தெரியாத எழுபது வயது அம்மாவின் கையில். எங்கள் மருத்துவமனை மென்பொருள் திட்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்பும் நர்ஸை வராந்தாவில் நிறுத்தி, 'சோதித்துப் பார்த்தேன், ஏற்கிறேன்' என்று கையெழுத்து வாங்குவார்கள். மறுக்க முடியாதவரிடம் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே இல்லை.

பாதியில் நிற்கும் வேலையை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதே ஊரில் நல்ல உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் கே.ஆர்.புரம் முதல் ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோ திறந்தது. பழைய பாதை முடியும் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவே சுமார் 2 கி.மீ. மட்டும் மிச்சம். அங்கே ரயில் பாதைக்கு மேலே பாலம் போட வேண்டியிருந்தது. பயணிகள் இறங்கி, இணைப்புப் பேருந்தில் அந்தத் தூரத்தைக் கடந்து, மறுபடி மெட்ரோ பிடித்தார்கள். அக்டோபரில் அந்த இடைவெளியும் திறந்தது. அத்தனை மாதமும் அந்த 2 கி.மீ. பாக்கி என்பது ஊருக்கே தெரியும், அதற்கென்று பேருந்தும் ஓடியது. பாக்கியைப் பாக்கி என்றே எழுதி வைத்தால் காத்திருக்கிறவருக்கு ஒரு வழி கிடைக்கும். எங்கள் பம்ப்புக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

கேன் தண்ணீர் போடும் கிருஷ்ணகிரி அண்ணனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கொடுத்த கேன், திரும்பிய காலி கேன், வர வேண்டிய பணம், எல்லாம் வீட்டு வாரியாக. நான் வந்திருப்பதைப் பார்த்ததும் கேட்காமலே ஒரு கேன் கூடுதலாக இறக்கினார். ஒவ்வொரு முறை வரும்போதும், "மெஷின் சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்பார். சரியானால் அவர் வியாபாரம்தான் குறையும். ஆனாலும் எங்களிடம் அப்படிக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். சின்ன வயதில் பால்காரரும் இஸ்திரிக்காரரும் இப்படித்தான் வீட்டு நிலவரம் தெரிந்து வைத்திருப்பார்கள். டொராண்டோவில் எனக்கு மிகவும் குறைவது இதுதான்.

தம்பியின் போனிலேயே அவருடைய மேலாளரிடம் பேசினேன். பார்ட்டுக்காகக் காத்திருக்கிறது என்று பதிய அவர்கள் சிஸ்டத்தில் தனி இடம் இருக்கிறதாம். தலைமை அலுவலகத்தில் கேள்வி வரும் என்று யாரும் அதைத் தொடுவதில்லை. அதில் பதியுங்கள், தாமதத்துக்கு இந்தப் பையன் காரணமில்லை என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். பதிந்தார். பம்ப் வந்தது. அதே தம்பி மாட்டினார், டேங்க் நிரம்பும்வரை இருந்தார், முதல் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். அப்பா மீட்டரை விட்டுப் பார்த்தார், நூறுக்குக் கீழே. அம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டு எண்ணைச் சொன்னார்.

அந்தச் செய்தி அம்மாவின் போனுக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் வருகிறது. அம்மாவுக்குத் தமிழும் கன்னடமும் நன்றாகப் படிக்க வரும். 'வேலை முடிந்து, நீங்களே சரிபார்த்த பிறகு மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும்' என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்த மொழியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியும், காத்திருப்பில் பதிந்த வேலைக்கு டெக்னீஷியனின் அன்றைய கூலியைப் பிடிக்க வேண்டாமென்றும் நிறுவனத்துக்கு விரிவாக எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.