செஸ்னா 172எஸ்: சிபிஎல் மாணவருக்கு எப்படி?

வணிக விமானி உரிமம் (சிபிஎல்) வாங்க இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பல பயிற்சிப் பள்ளிகளில் அதன் பெரும்பகுதி செஸ்னா 172-இல்தான் கழியும். இங்கே பேசுவது 180 குதிரைத்திறன் லைகோமிங் ஐஓ-360 இன்ஜின் பூட்டிய 172எஸ் பற்றி.

இதன் பெரிய தலைவலி, சூடான இன்ஜினை மறுபடி கிளப்புவது. கார்புரேட்டர் இல்லாததால் அதில் பனி பிடிக்கும் பயம் இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் இறங்கி இருபது நிமிடம் நிறுத்தினால், சிலிண்டர்களுக்கு மேலே ஓடும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினுக்குச் செய்வதுபோல் பம்ப் போட்டு பிரைம் செய்தால் (கிளப்புமுன் பெட்ரோலைச் செலுத்தினால்) பெட்ரோல் வழிந்து நின்றுவிடும். சூட்டில் பிரைம் வேண்டாம். த்ராட்டிலைக் (பவர் கூட்டும் பிடி) கால் அங்குலம் திறந்து, மிக்ஸ்சரை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பிடி) முழுவதும் வெளியே இழுத்து, சாவியைத் திருப்புங்கள். பற்றியதும் மிக்ஸ்சரைச் சீராக உள்ளே தள்ளுங்கள். ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது, நடுவே 20 விநாடி ஓய்வு. மூன்று முறை பார்த்தும் பற்றாவிட்டால் 10 நிமிடம் ஆறவிட வேண்டும்.

காற்றில் இது பொறுமைசாலி. ஸ்டாலில் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மூக்கு மெதுவாகத்தான் சாயும், பின்னே இழுத்த யோக்கை (விமானத்தின் ஸ்டீயரிங்) தளர்த்தினாலே மீண்டுவிடும். இந்தப் பொறுமையே மாணவருக்குச் சோம்பலையும் பழக்கும். ஏறும்போது வலது ரட்டர் (வால் சுக்கானைத் திருப்பும் பெடல்) மிதிக்காமலே 50 மணி நேரம் ஓட்டிவிடலாம். பின்னால் இரட்டை இன்ஜின் விமானத்தில் அது காட்டிக்கொடுக்கும்.

தரையிறக்கத்தில் மட்டும் பொறுமை கிடையாது. முழு ஃபிளாப்புடன் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்) 65 நாட் வேகத்தில் வந்தால் அழகாக உட்காரும். 75-இல் வந்தால் ரன்வேயை ஒட்டியே மிதந்துகொண்டு போகும். பொறுக்காமல் யோக்கை முன்னே தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் குத்தி விமானம் துள்ளும். இரண்டாம், மூன்றாம் துள்ளலில் புரொப்பெல்லர் தரையைத் தொடும். முதல் துள்ளலிலேயே முழு பவர், ஃபிளாப் 20 டிகிரி, கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது). முழு பவரில் மூக்கு வேகமாக மேலே எழும், அதை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எரிபொருள் வடிக்க 13 இடங்கள் உண்டு: இறக்கைக்கு ஐந்தாகப் பத்து, மூக்கின் அடியில் மூன்று. மழைக்காலத்தில் வெளியே நின்ற விமானத்தில் எதையும் விடாதீர்கள். நீல நிறப் பெட்ரோலின் அடியில் நிறமற்ற குமிழாகத் தண்ணீர் தெரியும்.

ஜி1000 என்ற டிஜிட்டல் திரை உள்ளதா, பழைய வட்ட மீட்டரா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இரண்டிலும் கருவிப் பறத்தலை (வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பி ஓட்டுவது) கற்றுக்கொள்ளலாம்.

பள்ளியில் பணம் கட்டுமுன் விமானத்தருகே போய்ப் பாருங்கள். இருக்கையை ஆட்டிப் பாருங்கள், இருக்கை நகரும் தண்டவாளத்தில் பூட்டு நழுவினால் டேக்ஆஃபில் யோக்கோடு பின்னே போய்விடுவீர்கள். மூக்குச் சக்கரத்தின் ஸ்ட்ரட்டில் (அதிர்ச்சியைத் தாங்கும் தண்டு) எண்ணெய் கசிவு, அதன் பின்னே தகட்டில் சுருக்கம், தளர்ந்த ரிவெட் இருந்தால் பலமுறை குத்திய விமானம் அது.