இன்டர்ஃபோலியோ டோசியர்: பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னவர் இழுத்தடித்தால் கைகொடுக்குமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர், போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலைக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். கைடு எழுதுவது வந்துவிடும். கூட வேலை பார்த்த சீனியர் "கண்டிப்பா தர்றேன்" என்று சொன்ன கடிதம்தான் கடைசி நாள்வரை வராது. இந்தத் தலைவலிக்கு மருந்து என்று பலர் நம்பிச் சேருவது இன்டர்ஃபோலியோவின் டோசியர் சேவை. 1999இல் தொடங்கிய நிறுவனம். 2022இல் எல்செவியர் வாங்கியது.

எழுதுபவருக்கு இதன் வழியே வேண்டுகோள் போகும். அவர் பிடிஎஃப்பை ஒருமுறை ஏற்றினால் போதும், கடிதம் உங்கள் கணக்கில் தங்கிவிடும். அதைத் திறந்து படிக்க உங்களால் முடியாது; வந்துவிட்டதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பிறகு பல இடங்களுக்கு நீங்களே அனுப்பலாம், அவரை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம். அப்படி அனுப்பத்தான் ஆண்டுச் சந்தா. ரூபாயில் பார்த்தால் சில ஆயிரம் வரும், நான்கைந்து இடத்துக்கு மட்டும் போடுபவருக்கு அது வீண் செலவு.

பல்கலைக்கழகத்தின் சொந்த போர்ட்டலில் பரிந்துரைப்பவரின் மின்னஞ்சல் கேட்கும் கட்டத்தில், இன்டர்ஃபோலியோ உருவாக்கித் தரும் முகவரியை இடுவார்கள். அங்கேதான் சிக்கல். சில போர்ட்டல்கள் கடிதத்தோடு "இவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா" என்ற ரகக் கேள்விகளையும் கேட்கும். அதற்கு எழுதியவர்தான் பதில் சொல்ல முடியும். சில துறைகள் இப்படிச் சேமித்து வைத்த கடிதத்தையே ஏற்பதில்லை. அறிவிப்பைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்னொன்று, எல்லா இடத்துக்கும் ஒரே கடிதம் போவதால் அது "தேர்வுக் குழுவுக்கு" என்று பொதுவாகத்தான் இருக்கும். ஆராய்ச்சிக்குப் பேர்போன இடத்துக்கும் கற்பித்தலே முக்கியமான கல்லூரிக்கும் ஒரே கடிதம் போனால் ஏதோ ஓரிடத்தில் எடுபடாது. வெவ்வேறு கடிதம் கேட்பதென்றால் முதலிலேயே இரண்டு வேண்டுகோளாக அனுப்ப வேண்டும்.

வாக்குக் கொடுத்தவர் எழுதவே உட்காராவிட்டால் இந்தச் சேவை ஒன்றும் செய்யாது, நினைவூட்டல் அனுப்புவதோடு சரி. அதனால் காரியம் நீங்கள் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. "எழுதுவீங்களா சார்?" என்று கேட்டால் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இந்த மாசம் உங்களுக்கு வேலை ஜாஸ்தின்னா சொல்லுங்க சார், வேற ஒருத்தரைக் கேட்டுக்கறேன்" என்று வாசலைத் திறந்து வைத்துக் கேட்டால் உண்மை வெளியே வரும். சம்மதித்ததும் அன்றே சிவி, விண்ணப்ப அறிக்கை, சேர்ந்து செய்த வேலையில் அவர் பார்த்த நான்கைந்து விஷயம், கடைசி நாள்களின் ஒற்றைப் பக்கப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வேண்டுகோளில் இடும் தேதி உண்மையான கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முந்தியதாக இருக்கட்டும்.

அந்தத் தேதி தாண்டினால் முதலில் அவர் மேல் சந்தேகப்படாதீர்கள். வேண்டுகோள் ஸ்பேமில் கிடக்கலாம், இல்லையென்றால் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பை ஏற்றப் பார்த்து அது ஏறாமல் போயிருக்கலாம். போன் போட்டுக் கேளுங்கள். மூன்றாவது மின்னஞ்சலை விட ஒரு போன் மேல். இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் கைவசம் இருக்கும்போதே நான்காவது ஆளைக் கேட்டுவிடுங்கள், பழையவரிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தேவையில்லை. இந்த இடத்தில் டோசியர் உண்மையிலேயே நல்லது: எந்தக் கடிதம் எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். தாமதமாக வந்தது கணக்கில் இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்த சுற்றுக்கு ஆகும். மனஸ்தாபமும் இல்லை.

"நீங்களே எழுதிக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கை எழுதிய மூன்று கடிதங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். குறிப்புகள் தருகிறேன் என்று சொல்லி அந்த நான்கைந்து விஷயத்தை மறுபடி அனுப்புங்கள்.

கணிதக்காரர்களுக்கு இது தேவையே இல்லை. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் மேத்ஜாப்ஸ் தளத்தில் விண்ணப்பிப்பவருக்குக் கட்டணம் கிடையாது. எழுதுபவர் ஒருமுறை ஏற்றிய கடிதமே பல விண்ணப்பங்களுக்குப் போகும். அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனைச் சிறப்புப் பயிற்சிக்குப் போகும் டாக்டர்களுக்கும் அதற்கான விண்ணப்பச் சேவையான ஈராஸ் (ERAS) தனி வழி வைத்திருக்கிறது. இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலத் துறைகளிலும் சமூக அறிவியல் துறைகளிலும் இருபது முப்பது இடத்துக்குப் போடுபவராக இருந்தால் வாங்கலாம், அதுவும் வேலை விளம்பரங்கள் வரத் தொடங்கும் ஆகஸ்ட் செப்டம்பரிலேயே. நவம்பரில் வாங்கி அதே வாரம் கடிதம் கேட்டால் சந்தாப் பணம்தான் போகும்.