ஆறு வருஷமா கையில இருக்கற கேபிள் டோனர், பேர் (ஜோடி வயர்) கண்டுபிடிக்கறதுல நான் பாத்தது

கோயம்புத்தூர் பக்கம் இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ், லாட்ஜ் உள்ள இருக்கற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்), லேன் (கம்ப்யூட்டர் நெட்வொர்க்) வேலை பாக்கறேன். டோனர் வயர்ல ஒரு டோன அனுப்பும், புரோப வயர் கிட்ட கொண்டுபோனா அந்த டோன் சத்தமா கேக்கும். ஃப்ளூக் புரோ3000 டோனரும் புரோபும் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, இத்தன நாள்ல பேட்டரி மட்டுந்தான் மாத்திருக்கேன், ரெண்டுக்கும் தனித்தனியா 9 வோல்ட் பேட்டரி. அதுக்கு முன்னாடி வச்சிருந்தது விலை கம்மியானது, டியூப்லைட் பக்கம் கொண்டுபோனாலே கரண்ட் இரைச்சல் உர்ருனு வந்து டோனையே முழுங்கிடும்.

வாங்கின புதுசுல சிவப்பு கிளிப்ப பேர்ல ஒரு வயர்லயும் கருப்ப இன்னொரு வயர்லயும் மாட்டிட்டு மேல் மாடிக்கு ஓடுவேன், அங்க போனா சத்தம் ஈனஸ்வரத்துல கேக்கும். மெஷின்தான் சரியில்லனு நினைச்சேன். முறுக்கின பேர்ல போற சிக்னலும் வர்ற சிக்னலும் எதிரெதிரா இருக்கறதால ஒண்ண ஒண்ணு அடிச்சிடுது, வெளிய கசியறது கொஞ்சந்தான். ஒரு கிளிப்ப வயர்லயும் இன்னொண்ண எர்த்லயும் போட்டு பாருங்க, ஃபால்ஸ் சீலிங் மேல ஓடற கேபிள்கூட கத்தும். ஆனா பக்கத்து பேரும் சேந்து கத்தும். அதனால கேபிள் எந்த வழியா போகுதுனு தேட எர்த், எந்த பேர்னு பிரிக்க ரெண்டு கிளிப்பும் அந்த பேர்லயே. இது தெரியாமலே ஒரு வருஷம் ஓட்டிட்டேன்.

ஒரு லாட்ஜ்ல 50 பேர் கேபிள், நாலு மாடி. வெள்ளை-நீலத்துல ஆரம்பிச்சு வயலட்-ஸ்லேட்ல முடியற 25 பேர் கலர் கோட் எனக்கு மனப்பாடம், ஆனா நடுவுல யாரோ கலர் பாக்காம ஜாயின்ட் போட்டு வச்சிருந்தாங்க, சுண்ணாம்பு வேற அப்பியிருந்துச்சு. குரோன்ல (பேர் எல்லாம் வந்து சேர்ற கனெக்‌ஷன் பிளாக்) புரோப் நுனிய வச்சா வரிசையா மூணு பேர் கத்துது, மூணும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒவ்வொரு பேரா ஷார்ட் பண்ணேன். முதல் ரெண்டுல ஒரு மாத்தமும் இல்ல. மூணாவதுல தொட்டதும் டோனோட தாளமே மாறிடுச்சு, எடுத்தா பழையபடி. இந்த டோனர்ல ஸ்மார்ட்டோன்னு ஒரு மோடு இருக்கு, அதுல வச்சாதான் இப்படி மாறும், சாதாரண டோனர்னா ஷார்ட் பண்ணதும் சத்தம் அமுங்கிடும். லைன் உயிரோட இருந்தா மட்டும் இத பண்ணாதீங்க, முதல்ல எக்ஸ்சேஞ்ச் பக்கம் கழட்டிடுங்க.

ஷார்ட் பண்ணி பாக்காம, சத்தம் அதிகம்ங்கறத மட்டும் நம்பி ஒருதடவ ஒரு ஜம்பர (ரெண்டு லைன இணைக்கற வயர்) புடுங்கிட்டேன், அது லிஃப்ட் உள்ள இருக்கற போனோட லைன். சாயந்தரம் டெஸ்ட் பண்ணும்போதுதான் தெரிஞ்சுது. அந்த அஞ்சு மணி நேரத்துல யாராச்சும் உள்ள மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைச்சா பதறுது.

லேன் கேபிள்ல இன்னொரு சங்கடம். அந்தப் பக்கம் சுவிட்ச்ல சொருகியிருந்தா டோன் அங்கயே செத்துடும், கழட்டிட்டுதான் தேடணும், பிஓஇ போர்ட்ல (லேன் கேபிள் வழியாவே கரண்ட் தர்ற போர்ட்) டோனர மாட்டவே கூடாது. ஃபாயில் சுத்தின கேபிள்னா மேல வச்சு கேக்கறதெல்லாம் வேலைக்கு ஆகாது, நுனில செம்பு தெரியற இடத்துல புரோப வைங்க, அங்க கேக்கும்.