நெல்லித்தோப்பு பார்சல் பாக்கிங் கடை: பெர்ஃப்யூம், ஸ்ப்ரே அனுப்புறவங்க தாராளமா போலாம்

பாண்டில இருந்து பெர்ஃப்யூம், ரூம் ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் இந்த மாதிரி தீப்பிடிக்கிற சாமான வெளியூருக்கு அனுப்புற சின்ன வியாபாரிங்களுக்காக இதை எழுதுறேன். 5-க்கு 4 ஸ்டார் குடுத்திருக்கேன், ஒண்ணு ஏன் குறைஞ்சுதுன்னு கடைசில சொல்றேன்.

பெட்டியைக் கொண்டு போய் வச்சதும் தராசுல தூக்கி வைக்க மாட்டாங்க, "உள்ள என்னக்கா இருக்கு, ஆல்கஹாலா ஆயிலா"ன்னுதான் முதல் கேள்வியே. அந்த ஒரு கேள்விக்காகவே நான் கடலூர்ல இருந்து பஸ் ஏறி இங்க வரேன். எங்க ஊர்ல ஒரு கூரியர் கவுண்டர்ல "காஸ்மெட்டிக்ஸ்னு எழுதிடுங்க, போயிடும்"னாங்க, என் அத்தை பொண்ணு அதை நம்பி அனுப்புச்சு, ஏர்போர்ட் ஸ்கேன்ல நிறுத்தி வச்சு சரக்கு வாரக்கணக்குல முடங்கிப் போச்சு, கஸ்டமர் கிட்ட திட்டு வாங்குனது அதுதான், கவுண்டர்ல சொன்னவங்க இல்ல.

கடைக்கார அண்ணன் எஸ்டிஎஸ் ஷீட் கேப்பாரு, அதாவது சாமான தயாரிச்சவங்க குடுக்குற பாதுகாப்பு விவரத் தாள். அதுல 9-வது பகுதில ஃபிளாஷ் பாயிண்ட் இருக்கும், அதாவது எந்த சூட்டுல அதோட ஆவி நெருப்பு பட்டா பிடிச்சுக்கும்னு, 14-வது பகுதில யூஎன் நம்பர் இருக்கும், ஆபத்தான சரக்கு எதுன்னு உலகம் பூரா அடையாளம் காட்டுற நம்பர். எத்தனாலுக்கு ஃபிளாஷ் பாயிண்ட் சுமார் 13 டிகிரிதாங்க, மார்கழி விடியக்காலைல கூட நம்ம ஊர் அவ்ளோ குளிராது, அப்போ சித்திரை வெயில்ல மூடுன லாரிக்குள்ள மூடி லேசா லூசா இருந்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஆல்கஹால் கலந்த பெர்ஃப்யூம்னா யூஎன் 1266, கிளாஸ் 3, அதாவது தீப்பிடிக்கிற திரவம். ஸ்ப்ரே டின்னு யூஎன் 1950. ஆல்கஹால் இல்லாத அத்தருக்கு ஃபிளாஷ் பாயிண்ட் 60 டிகிரிக்கு மேல இருந்தா அது கிளாஸ் 3-லயே வராது, அதுக்கு சாதாரண பார்சல் ரேட்டுதான் போடுறாங்க, தெரியாதுன்னு ஏமாத்தி காசு புடுங்கல.

பாக்கிங்க நின்னு பாத்தேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் பம்ப் அமுங்காம மூடியைச் சுத்தி டேப்பு, அப்புறம் ஜிப் கவர், கவருக்குள்ள பஞ்சு, பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவுல அட்டைத் தடுப்பு. எல்லாம் முடிச்சுட்டு சாம்பிளுக்கு கட்டுன பெட்டியை மேசைக்கு மேல தூக்கி 1.2 மீட்டர் உயரத்துல இருந்து தரைல போட்டாரு, ஒரு மூலை குத்துற மாதிரியே போட்டாரு, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, பிரிச்சுப் பாத்தா ஒரு சொட்டு ஒழுகல. ஏர்ல போற லிமிட்டெட் குவான்டிட்டி பெட்டிக்கு, அதாவது ஆபத்தான சாமான சின்னச் சின்ன அளவுல கட்டுன பெட்டிக்கு, இந்த உயரம்தான் கணக்காம், அதே அளவுகோலை லாரில போறதுக்கும் வச்சிருக்காரு.

பெட்டி மேல ஒட்டுற லிமிட்டெட் குவான்டிட்டி மார்க் விஷயத்துல இன்னும் கறார். வைரம் மாதிரி நிக்க வச்ச சதுரம், மேலயும் கீழயும் கருப்பு, நடுவுல வெள்ளை, 100-க்கு 100 மில்லிமீட்டர் இருக்கணும், பெட்டி ரொம்ப சின்னதா இருந்தா மட்டும் 50 வரைக்கும் குறைக்கலாம். நடுவுல ஒய் எழுத்து இருந்தா அது ஏர் கணக்குல கட்டுன பெட்டி, வெறுமையா இருந்தா ரோடு, கப்பல். லாரில போற எங்க பார்சல்லயும் இந்த வெறும் மார்க்கை ஒட்டி விடுறாரு, வழில எவனாவது அவசரத்துல ஏர் லோடுல தூக்கிப் போடாம இருக்க. எதிரெதிர் பக்கம் ரெண்டுலயும் மேல் நோக்குன அம்புக்குறி. கடைல வேலை பாக்குற தம்பி மார்க்கை ஓரத்துல மடிச்சு ஒட்டிட்டான், அண்ணன் உரிச்சு எடுத்துட்டு வேற ஒட்ட வச்சாரு, ஒரே பக்கத்துல முழுசா தெரியணுமாம். நான் கொண்டு போன பழைய அட்டைப்பெட்டில யாரோ ஒட்டுன பேட்டரி மார்க் இருந்துச்சு, அதையும் சுரண்டி எடுத்தப்புறம்தான் கைல வாங்குனாரு. இன்னொருத்தர் நெட்ல இருந்து ஓஆர்எம்-டி ஸ்டிக்கர் பிரிண்ட் போட்டு கொண்டாந்தாரு, அது அமெரிக்கால இருந்த மார்க்கு, 2020 டிசம்பர் 31-ஓட அங்கயே முடிஞ்சு போச்சு சார்னு பொறுமையா சொல்லி அனுப்புனாரு.

சிப்காட் ரோட்ல டேங்கர் பின்னாடி வண்டி ஓட்டுற நம்ம கடலூர்க்காரங்களுக்கு அந்த சதுர பலகையும் யூஎன் நம்பரும் புதுசு இல்ல. ஆனா அதே சட்டம் நம்ம வீட்டு ஷெல்ஃப்ல இருக்குற பாட்டிலுக்கும் பொருந்தும்னு எந்த கவுண்டர்லயும் யாரும் சொல்றதில்ல, எனக்கு ஆத்தாமையே அதுதான்.

இப்ப குறை. ஏர் பார்சல் இவங்க எடுக்கறதே இல்ல, அதுக்கு டிஜி டிக்ளரேஷன், அதாவது ஆபத்தான சரக்குன்னு எழுதிக் குடுக்குற படிவம் போடணும், பயிற்சி எடுத்தவங்க கையெழுத்து வேணும், சென்னை ஏஜென்ட் கிட்டதான் போகணும்ங்கறாங்க, அது நியாயம்தான், ஆனா போர்டுல எழுதி வச்சா வந்து திரும்ப வேண்டியதில்லையே. பவர் பேங்க் மட்டும் தனியா அனுப்பணும்னாலும் ரோடுதான், 2016 ஏப்ரல் 1-ல இருந்து தனி லித்தியம் அயன் பேட்டரிய பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தக் கூடாது. சாயங்காலம் போனா கூட்டம், பாக்கிங்குக்கே ரொம்ப நேரம் நிக்கணும், உக்கார ஒரு ஸ்டூல் கூட இல்ல, வண்டி நிறுத்த இடமும் கிடையாது. பாக்கிங் காசுக்கு தனி பில் கேட்டா கைல எழுதித் தராங்க, ஜிஎஸ்டி கணக்கு காட்டுறவங்களுக்கு அது உதவாது, அதுக்குத்தான் அந்த ஒரு ஸ்டாரை குறைச்சேன்.

முதல் தடவை போறவங்க காலைல போங்க, எஸ்டிஎஸ் ஷீட்டை பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, போன்ல காட்டுனா ஒத்துக்க மாட்டாங்க.